தோற்ற பிறகு என்ன? ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்’ – ஒரு மதிப்பீடு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை முதன்முதலாக நடத்த உட்காருபவருக்கு இருக்கும் பயம் ஒன்றுதான்: அடுத்து என்ன சொல்வது? மேசையைச் சுற்றி இருக்கும் நான்கைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஊர், காடு, விடுதிக்காரர், அரக்கர், மழை என்று மீதி உலகம் முழுக்க டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம்., என்ற ஒருவர் தலையில் விழுகிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் இந்த ஆட்டத்தை வெளியிட்ட காலம் தொட்டு அந்தச் சுமை குறையவில்லை. புதியவர் கையில் எதைக் கொடுத்து உட்காரவைக்கிறோம் என்பது மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தபோது கொடுக்கப்பட்டது ‘ஸ்டார்ட்டர் செட்’ என்ற பெட்டி. அதில் 32 பக்க விதிநூல், தயார் செய்யப்பட்ட ஐந்து பாத்திரங்கள், ஆறு பகடைகள்; கூடவே ரிச்சர்ட் பேக்கரும் கிறிஸ் பெர்கின்ஸும் எழுதிய 64 பக்கச் சாகசக் கதை, ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்’. முதல்முறை நடத்துபவருக்கு எது நல்லது என்று கேட்டால், பழகியவர்கள் இன்றும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்கு இது தகுதியானதா?

ஆட்டக்காரர்களுக்குச் சுவையாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. நடத்துபவர் பக்கமிருந்து பார்க்க மூன்று அளவுகோல்கள் போதும். ஆட்டக்காரர்கள் நினையாத பக்கம் திரும்பினால் நூல் கைகொடுக்கிறதா? அவர்கள் தோற்றால் அடுத்து என்ன என்று சொல்கிறதா? வேலை முடிந்து வந்து ஒரு மாலையில் தயார் செய்ய முடிகிறதா? இதை விளையாடப்போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது; கதையைத் தொடாமல் இதை எடைபோட முடியாது.

கதையின் தொடக்கம் எளிமையானது. கண்ட்ரன் ராக்சீக்கர் என்ற குள்ளர் இனத்தவர், நெவர்விண்டர் நகரத்திலிருந்து ஃபான்டலின் என்ற சிற்றூருக்குச் சரக்கு வண்டி ஒன்றைக் கொண்டுசேர்க்கச் சொல்லி ஆட்டக்காரர்களின் பாத்திரங்களை அமர்த்துகிறார். வழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. புதருக்குள் நான்கு கோப்ளின்கள். இந்த முதல் சண்டையிலேயே நூல் தன் தரத்தைக் காட்டிவிடுகிறது. இரண்டு கோப்ளின்கள் பாய்ந்து வந்து வெட்டும், இரண்டு முப்பதடி தள்ளி நின்று அம்பு எய்யும் என்று டி.எம்.முக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அதைவிட முக்கியம், ஆட்டக்காரர்கள் தோற்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறது. கோப்ளின்கள் அவர்களை நினைவிழந்த நிலையில் விட்டுவிட்டு, உடைமைகளையும் வண்டியையும் கொள்ளையடித்துப் போகும். விழித்தவர்கள் ஃபான்டலினுக்குப் போய்க் கடையில் புதுச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து தடம் தேடலாம்.

இது சின்னக் குறிப்புதான். ஆனால் முதல்முறை நடத்துபவர் பகடையைக் கண்டு நடுங்குவது இங்கேதான். கோப்ளினின் ஓர் அடி மூன்று முதல் எட்டு வரை சேதம் தரும். முதல் லெவல் மந்திரவாதியின் ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) பெரும்பாலும் ஏழோ எட்டோதான். இரண்டு அடி சரியாக விழுந்தால் ஆள் தரையில். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் நண்பரின் பாத்திரம் விழுந்துகிடக்கும்போது, கள்ளத்தனமாகப் பகடை எண்ணை மாற்றிச் சொல்லத்தான் கை துடிக்கும். தோல்விக்குப் பிறகும் கதை உண்டு என்று தெரிந்தவர் அந்த ஏமாற்றுக்கு இறங்க வேண்டியதில்லை. டி.எம். தொழிலின் முதல் பாடம் இது. நூல் அதை உபதேசமாகச் சொல்லாமல் ஒரு பத்தியில் செய்துகாட்டுகிறது.

வருத்தம் என்னவென்றால், அதே அக்கறை அடுத்த குகையிலேயே மறைந்துவிடுகிறது. கோப்ளின்களின் தடத்தைப் பிடித்துப் போனால் கிராக்மா கும்பலின் மறைவிடம். அந்த மறைவிடத்தின் தலைவன் கிளார்க், பக்பேர் என்ற இனத்து அரக்கன். அவனுடைய கதாயுத அடி சராசரியாக 11 சேதம். எதிரிகள் வருவது முன்கூட்டித் தெரிந்தால் அவன் பாறைத் தூண்களுக்குப் பின்னால் பதுங்கி நிற்பான். பதுங்கியிருந்து அடிக்கும் முதல் அடிக்கு இன்னும் இரண்டு பகடைச் சேதம் கூடும். சராசரி 18 ஆகிவிடும். விதிப்படி, ஹிட் பாயிண்ட் சுழியமான பிறகும் மிஞ்சும் சேதம் பாத்திரத்தின் முழு ஹிட் பாயிண்டை எட்டினால் உடனடிச் சாவு. எட்டு ஹிட் பாயிண்ட் மந்திரவாதிக்கு 16 போதும். ஆக, இந்த அடியைச் சராசரியாக வாங்கினாலே நினைவிழப்பு, காப்பாற்றும் வாய்ப்பு எதுவும் இல்லாமல் பாத்திரம் கிழிந்த தாளாகிவிடுகிறது. அனுபவசாலி இதைப் படித்ததும் மோப்பம் பிடித்துவிடுவார். புதியவருக்கோ எதிரியின் எண்கள் அச்சிட்டிருக்கின்றன, அவற்றின் பொருள் சொல்லப்படவில்லை. பெட்டியின் பெரிய குறை இதுவே.

அதே குகையில் நூலின் பெரிய பலமும் இருக்கிறது. யீமிக் என்ற ஒரு கோப்ளின், சில்டர் ஹால்விண்டர் என்ற வீரரைப் பிணையாகப் பிடித்துவைத்துக்கொண்டு பேரம் பேசுகிறான்: கிளார்க்கின் தலையைக் கொண்டுவாருங்கள், இவரை விட்டுவிடுகிறேன். வாக்கைக் காப்பாற்றும் எண்ணம் அவனுக்குத் துளியும் இல்லை. தலை வந்ததும் பணயப் பணம் கேட்பான். எதிரிகளுக்கும் ஆசை உண்டு, உள்பகை உண்டு, சண்டையே எல்லாவற்றுக்கும் விடை அல்ல என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒரு புதிய டி.எம்.முக்குக் கற்றுத்தர முடியாது. பின்னால் ரெட்பிராண்ட் அடியாட்களின் நிலவறையில் வரும் நாதிக் என்ற ஒற்றைக்கண் பிராணியும் அப்படியே. அது ஆட்டக்காரர்களின் மனத்துக்குள் பேசும், அவர்களின் இரகசியங்களைத் துழாவும், தீனி கொடுத்தால் பேரத்துக்கும் வரும். அதை வெட்டிச் சாய்க்கலாம், விலைபேசலாம், ஏமாற்றலாம். எது நடந்தாலும் கதை நிற்காது.

இரண்டாம் பாகம் ஃபான்டலின் ஊர். இங்கே நூல் டி.எம்.மின் கையில் ஏறக்குறைய பத்துப் பேரை ஒரே மூச்சில் திணிக்கிறது: விடுதிக்காரர் டோப்லன், கடைக்காரர் பார்த்தன், கார்ரேல், ஹாலியா, டாரன், லினீன், ஊர்த் தலைவர் ஹார்பின்... யார் யார் என்று ஒரு பட்டியல் இருப்பது உதவிதான். ஆனால் பெரும்பாலானவர் மடியிலும் ஒரு வேலை காத்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினால் ஒரு முழு அமர்வும் வேலை வாங்குவதிலேயே கரைந்துவிடும். ஒரு மாலைத் தயாரிப்பு என்ற அளவுகோலில் இந்தப் பாகம் தேறவில்லை. கைகாக்ஸின் ‘கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ்’ இதற்கு நேர் எதிர்த்திசையில் தவறியது. அங்கே கோட்டைவாசிகளில் பெரும்பாலோருக்குப் பெயரே கிடையாது, வெறும் பதவிகள். அதோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான், சற்று அளவு மீறிய முன்னேற்றம்.

மூன்றாம் பாகத்தில் நூல் தன் உச்சத்தைத் தொடுகிறது. ஆட்டக்காரர்கள் கிராக்மா கும்பலின் கோட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். எந்தத் திசையில் போவது என்பது அவர்கள் விருப்பம். கோனிபெரிக்கு அருகே உள்ள அகாதா என்ற பெண் ஆவியிடம் போகலாம். பாழடைந்த தண்டர்ட்ரீயில் இருக்கும் ரெய்டோத் என்ற இயற்கை மந்திரவாதியிடமும் கேட்கலாம். சாலையில் திரியும் கொள்ளைக்கூட்டத்தைப் பிடித்து விசாரிக்கவும் செய்யலாம். ஒரு தகவலுக்குப் பல வாசல்கள். ஒரு துப்பைத் தவறவிட்டால் ஆட்டமே முட்டுச்சந்தில் நிற்கும் என்ற புதியவரின் கவலையை இந்த அமைப்பு சத்தமில்லாமல் தீர்த்துவைக்கிறது. அகாதாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்பது தனி அழகு. கார்ரேல் கேட்டுவரச் சொன்னதைக் கேட்பதா, தங்களுக்கு வேண்டியதைக் கேட்பதா? மேசையில் அரை மணி நேர வாக்குவாதம் உறுதி. அந்த நேரம் முழுவதும் டி.எம். வாயைத் திறக்க வேண்டியதில்லை.

தண்டர்ட்ரீயின் பச்சை டிராகன் வெனம்ஃபாங்கையும் இந்த இடத்தில் எடைபோட வேண்டும். அதன் நச்சு மூச்சின் சராசரிச் சேதம் 42. மூன்றாம் லெவல் போர்வீரரே ஏறத்தாழ 28 ஹிட் பாயிண்டோடுதான் நிற்பார். இருந்தும் இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். ரெய்டோத் எச்சரிக்கிறார், பேசிப்பார்க்க வழி இருக்கிறது, பாதி உயிர் போனதும் டிராகனே பறந்துவிடும் என்று நூல் சொல்லிவிடுகிறது. கிளார்க்கின் குகையில் ஆபத்து ஒளிந்திருந்தது. இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தே போய் மாட்டுவது ஆட்டக்காரரின் தேர்வு. தெரியாமல் சாவது டி.எம்.மின் தவறாகத்தான் மேசையில் கணக்கு வைக்கப்படும்.

நான்காம் பாகமான வேவ் எக்கோ குகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நீண்ட சுரங்கம், நல்ல வரைபடம், கடைசியில் வில்லன் நெஸ்னார் என்ற கருஞ்சிலந்தி. முன்பின் அறிமுகமில்லாத ஒருவரோடு இறுதிச் சண்டை என்பதால் உணர்ச்சி ஏறுவதில்லை. அவன் பெயர் காதில் விழுகிறதே தவிர, அவன் கை இவர்கள் மேல் நேரடியாகப் படுவது மிகக் குறைவு.

தயார் பாத்திரங்கள் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன. திருடனுக்கு ரெட்பிராண்டுகளோடு தீராத பகை. கிராமத்து வீரனின் வேர் தண்டர்ட்ரீயில். குள்ளப் பூசாரிக்கு ராக்சீக்கர் குடும்பம் சொந்தம். ஆகவே முதல் தொடரில் ஆட்டக்காரர்கள் சொந்தமாகப் பாத்திரம் உருவாக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் டி.எம். இணங்கக் கூடாது. அந்த ஐந்து தாள்களும் கதைக்குள் இழுக்கும் கயிறுகள்.

போட்டிக்கு நிற்பது 2022இல் வந்த மற்றொரு தொடக்கப் பெட்டியின் ‘டிராகன்ஸ் ஆஃப் ஸ்டார்ம்ரெக் ஐல்’. மூன்றாம் லெவலோடு முடிந்துவிடும் சிறிய, பாதுகாப்பான கதை. நான்கைந்து வார இறுதிகளுக்கு மேல் கூடவே முடியாத குழுவுக்கு அதுவே மேல். ஆனால் மாதக்கணக்கில் ஓடும் தொடரை நடத்தக் கற்க விரும்புபவருக்கு அதில் அகாதா போன்ற முடிச்சும், ஃபான்டலின் சுற்றுவட்டாரம் போலத் திறந்த வெளியும் போதாது.

என் தீர்ப்பு: ஃபான்டெல்வர் தன் பெயருக்குத் தகுதியானதுதான், மூன்று திருத்தங்களோடு. கிளார்க் பதுங்கியிருந்து அடிக்க வேண்டாம். முதல் அடியை முரட்டுக் கவசக்காரர் மேல் இறக்குங்கள், தோற்றவர்களைப் பிணைக் கைதிகளாக்குங்கள். ஃபான்டலினில் முதல் அமர்வுக்கு மூன்று பேர் மட்டும் வேலை தரட்டும், மற்றவர்கள் பிறகு வரலாம். கருஞ்சிலந்தியிடமிருந்து ஒரு மிரட்டல் கடிதமாவது மூன்றாம் பாகம் முடிவதற்குள் ஆட்டக்காரர்கள் பெயருக்கு வரட்டும். மூன்றும் ஒரு மாலை வேலை. பழகியவர்கள் இவற்றைத் தாமாகவே செய்துகொள்கிறார்கள் என்பதால்தான் அவர்கள் சிபாரிசில் இந்தக் குறைகள் தெரிவதில்லை. யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் புதியவருக்கு இவற்றையும் சேர்த்துச் சொல்லியே நூலைக் கையில் கொடுக்க வேண்டும்.