பிறர் மேடையில் கஸ்ஸாலியின் வாதம்

மேற்குலகில் கிறிஸ்தவ அறிஞருக்கும் இறைமறுப்பாளருக்கும் இடையே நிகழும் விவாதம், கடந்த இருபது ஆண்டுகளில் தனியொரு கலையாகவே வளர்ந்து வந்துள்ளது. சாம் ஹாரிஸின் 'நம்பிக்கையின் முடிவு' 2004-இலும், ரிச்சர்ட் டோக்கின்ஸின் 'கடவுள் எனும் மாயை' 2006-இலும், கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸின் 'கடவுள் மகத்தானவரல்லர்' 2007-இலும் வெளிவந்தன. அவற்றுக்கு மறுமொழியாக நூல்கள் மட்டுமன்றிப் பல்கலைக்கழக அரங்குகளில் நேருக்கு நேரான வாதங்களும் பெருகின. அவற்றின் ஒளிப்பதிவுகளை எமது இளைஞர்களும் ஆர்வத்துடன் பார்க்கின்றனர். அவர்களுள் பலர், கிறிஸ்தவத் தரப்பின் முன்னணி வாதியான அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் லேன் கிரெய்க், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயரை மரியாதையோடு உச்சரிக்கக் கேட்டு மகிழ்ந்ததாக எம்மிடம் கூறியுள்ளனர். அம்மகிழ்ச்சி இயல்பானதே. ஆயினும் கஸ்ஸாலியின் வாதத்தோடு கஸ்ஸாலியின் விவேகமும் அம்மேடைக்குச் சென்றிருக்கின்றதா என்பது வேறு கேள்வி. அதனையே நாம் இங்கு ஆராய விழைகின்றோம்.

முதலில் வாதத்தைப் பார்ப்போம். தோன்றும் எப்பொருளின் தோற்றத்துக்கும் ஒரு காரணம் உண்டு. உலகம் தோன்றிய பொருள். எனவே உலகுக்கும் ஒரு காரணம் உண்டு. இமாமவர்கள் 'அல்-இக்திஸாத் ஃபில் இஃதிகாத்' என்னும் நூலில் இதனை இவ்வளவு சுருக்கமாகவே அமைத்துள்ளார்கள். இதில் இரண்டாவது கூற்றே கடினமானது. உலகம் அநாதியானது என்று வாதித்த மெய்யியலாளரை மறுக்க, கி.பி. 1095-இல் (ஹிஜ்ரி 488) நிறைவுற்ற 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வின் முதற் பிரச்சினையில் அவர்கள் கோள்களின் சுழற்சியை எடுத்துக்கொள்கின்றார்கள். சூரியன் ஓராண்டில் ஒரு சுற்று முடிக்கின்றது. சனி முப்பது ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கின்றது. இரண்டும் அநாதியாகச் சுழன்றிருப்பின் இரண்டின் சுற்றுக்களும் எண்ணிறந்தனவே. அவ்வாறாயின் முப்பதில் ஒரு பங்கு என்பதற்குப் பொருளென்ன? அச்சுற்றுக்களின் தொகை ஒற்றையா, இரட்டையா? ஒற்றையெனில் ஒன்று கூடினால் இரட்டையாகும். எண்ணிறந்த ஒன்றுக்கு அந்த ஒன்று எவ்வாறு குறைவாயிற்று? வானியலின் விவரங்கள் பழையனவாயினும் கேள்வியின் கூர்மை மழுங்கவில்லை.

இவ்வாதத்தை 'எமது சொத்து' எனப் பெருமை கொள்வோர் அதன் வம்சாவளியையும் அறிந்திருத்தல் நன்று. கிரேக்க மெய்யியலின் அநாதிக் கொள்கையை முதலில் இவ்வழியில் தாக்கியவர் அலெக்ஸாந்திரியாவின் கிறிஸ்தவரான யோவான் ஃபிலோபோனஸ் ஆவார். புரோக்குலஸை மறுத்து அவர் நூல் எழுதியது கி.பி. 529-இல். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-கிந்தி அவ்வாதங்களை அரபு மொழியில் புதுக்கினார். முதகல்லிமூன்கள் அவற்றை வளர்த்தெடுத்தனர். ஈராக்கில் வாழ்ந்த யூத அறிஞர் ஸஅதியா காஓனும் அவற்றைத் தம் சமயத்துக்காகக் கையாண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ உலகில் பொனவென்தூரா இதனை ஏற்றார். அவரது சமகாலத்தவரான தோமஸ் அக்குவைனாஸோ, உலகுக்குத் தொடக்கமுண்டு என்பதை வேத வெளிப்பாட்டால் அறியலாமேயன்றித் தர்க்கத்தால் நிறுவ முடியாது என்றார். ஆக, கிரெய்க் 1979-இல் 'கலாம் அண்டவியல் வாதம்' என்ற தமது நூலால் இதனை மீட்டெடுத்தபோது, ஒரு கிறிஸ்தவரின் வாதம் முஸ்லிம்களின் கையில் முதிர்ந்து மீண்டும் ஒரு கிறிஸ்தவரிடம் சேர்ந்தது. 'கலாம்' என்ற அரபுச் சொல்லையே அவர் தலைப்பில் நிறுத்தியமை அவரது நேர்மைக்குச் சான்று. தாம் கடன் வாங்கியதை மறைக்கும் வழக்கம் மலிந்த துறையில் இதனைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

இன்றைய விவாதங்களை மதிப்பிட, முந்தைய ஒன்றை அருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். 1948 ஜனவரி 28-இல் பி.பி.சி. வானொலியில் இயேசு சபைத் துறவியான ஃபிரெடரிக் கோப்பிள்ஸ்டனும் பெர்ட்ரண்ட் ரஸலும் இறைவனின் உள்ளமை குறித்து உரையாடினர். கோப்பிள்ஸ்டன் எடுத்துக்கொண்டது லைப்னிட்ஸ் வழிவந்த வாதம். இருக்கவும் இல்லாதிருக்கவும் கூடிய பொருள்கள் யாவும், இருந்தே தீரவேண்டிய ஒன்றைச் சார்ந்துள்ளன என்பது அதன் சாரம். இப்னு ஸீனாவின் 'வாஜிபுல் வுஜூத்', 'மும்கினுல் வுஜூத்' என்னும் பாகுபாட்டை அறிந்த எமது வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ரஸலின் மறுப்பு, பிரபஞ்சம் முழுமைக்கும் காரணம் கேட்பதே பொருளற்றது என்பதாகும். இங்கு கவனிக்கத்தக்கது இருவரும் நடந்துகொண்ட முறை. தொடக்கத்திலேயே 'இறைவன்' என்ற சொல்லால் எதைக் குறிக்கின்றோம் என்பதில் உடன்பாடு கண்டனர். ஒருவர் கூற்றை மற்றவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தனர். முரண்பாடு எங்கே அசையாமல் நிற்கின்றது என்பது தெளிந்தவுடன் அடுத்த பொருளுக்கு நகர்ந்தனர். வென்றவர் யார் என்று கூற எவருமில்லை.

இனி இன்றைய அரங்குக்கு வருவோம். மணி பார்த்து ஒதுக்கப்பட்ட தொடக்க உரை, மறுப்புரை, முடிவுரை. முன்னே ஆயிரக்கணக்கான பார்வையாளர். பின்னர் யார் யாரை வீழ்த்தினார் என்ற ஆரவாரம். 2009 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பயோலா பல்கலைக்கழகத்தில் கிரெய்க்கும் ஹிச்சன்ஸும் மோதிய நிகழ்வு இதற்கு நல்ல உதாரணம். கிரெய்க் எண்ணிட்ட வாதங்களை அடுக்கினார். ஹிச்சன்ஸ் அங்கதத்தாலும் மதங்களின் வரலாற்றுக் குற்றங்களாலும் விடையளித்தார். எமது மதிப்பீட்டில் ஹிச்சன்ஸ் கலாம் வாதத்தைத் தொடவேயில்லை. மதத்தின் பெயரால் நிகழ்ந்த கொடுமை எத்தனை பெரிதாயினும் உலகுக்குத் தொடக்கமுண்டா என்ற கேள்விக்கு அது விடையாகாது. டோக்கின்ஸின் நூலும் இக்குறையுடையதே. இறைவனை யார் படைத்தார் என்ற அவரது விருப்பமான கேள்வி, எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று கூறியவருக்கே பொருந்தும். 'தோன்றும்' பொருளுக்குக் காரணம் உண்டு என்ற கூற்றை அது அணுகுவதே இல்லை. உயிரியலில் இத்துணை நுட்பமாக எழுதுபவர், ஓராயிரம் ஆண்டு மெய்யியலைச் சில பக்கங்களில் கடந்து செல்வது வியப்புக்குரியது.

ஆனால் கிறிஸ்தவத் தரப்பைப் பற்றியும் நாம் கூற வேண்டியுள்ளது. உலகுக்குத் தொடக்கமுண்டு என்பதற்கு எண்ணின்மை பற்றிய பழைய வாதங்களோடு, பெருவெடிப்புக் கோட்பாட்டையும், போர்ட், கூத், விலென்கின் ஆகிய மூவரும் 2003-இல் வெளியிட்ட தேற்றத்தையும் கிரெய்க் சேர்த்துக்கொண்டார். 2014 பெப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் அவரை எதிர்கொண்ட ஷான் கரோல் ஓர் இயற்பியலாளர். விரிவடையும் வெளியைப் பற்றிய மரபு விவரிப்பு எங்கே முடிகின்றது என்பதையே அத்தேற்றம் காட்டுகின்றது, அதற்கப்பால் எதுவுமில்லை என்று அது கூறவில்லை என விளக்கிய அவர், தேற்றத்தின் ஆசிரியருள் ஒருவரான அலன் கூத், பிரபஞ்சம் அநாதியாக இருக்கலாம் எனக் கருதுவதை எழுதிப் பிடித்திருக்கும் படத்தையும் திரையில் காட்டினார். விலென்கினின் கருத்து இதற்கு மாறானது. தொடக்கமுண்டு என்பதே அவர் சாய்வு. ஆசிரியர்களே ஒருமிக்காத ஒன்றை இறைநம்பிக்கையின் தூணாக நிறுத்துவது அறிவுடைமையாகாது என்பதே எமது கருத்து. 'தஹாஃபுத்'தின் முன்னுரையில் இமாமவர்கள், கிரகணம் குறித்துக் கணித்து நிறுவப்பட்ட உண்மையை மார்க்கத்தின் பெயரால் மறுப்போர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கின்றனர் என எச்சரித்துள்ளார்கள். அறிவியலை மறுத்து மார்க்கத்தைக் காக்க முனைவதும், முடிவுறாத அறிவியலில் மார்க்கத்தைக் கட்டிவைப்பதும் ஒரே தவறின் இரு முகங்களாகவே எமக்குத் தோன்றுகின்றன.

கிரெய்க் கஸ்ஸாலியிடமிருந்து மிக அழகாக எடுத்துக்கொண்ட இடம் ஒன்றுண்டு. அநாதியான காரணத்திலிருந்து தொடக்கமுள்ள விளைவு எவ்வாறு தோன்றும் என்ற கேள்விக்கு, அக்காரணம் நாட்டமுடையதாயிருத்தல் வேண்டும் என்பதே இமாமவர்களின் விடை. எல்லா வகையிலும் ஒத்த இரு பேரீச்சம் பழங்கள் பசித்தவன் முன் இருப்பின், அவன் ஒன்றை எடுத்தே தீருவான். ஒத்தவற்றுள் ஒன்றைத் தெரிவது நாட்டத்தின் இயல்பு. இதனை அடியொற்றியே கிரெய்க், முதற்காரணம் இயற்கை விதியன்று, நாடிச் செயற்படும் ஒருவன் என்கின்றார். இதுவரை அவரோடு எமக்குப் பிணக்கில்லை. ஆயின் அதே மேடையில், அதே நிமிடக் கணக்குக்குள், இங்கிருந்து சிலுவை நிகழ்வுக்குப் பின்னான உயிர்த்தெழுதலுக்கு அவர் தாவிவிடுகின்றார். கலாம் வாதம் ஒருவனான படைப்பாளனின் வாயிலில் கொண்டுபோய் விடும். அதற்குமேல் செல்ல வேறு வகை ஆதாரம் தேவை. இவ்விடைவெளியை எதிர்த்தரப்பினர் பெரும்பாலும் கவனியாது விடுவது, அவர்கள் கேட்பதில் காட்டும் சோம்பலையே காட்டுகின்றது.

விவாதத்தின் ஒழுங்கு குறித்து இமாமவர்கள் 'இஹ்யா'வின் அறிவுப் பகுதியில் விதித்துள்ள நிபந்தனைகளை இங்கு நினைவுகூராதிருக்க முடியாது. வாதிப்பவன் தொலைந்த பொருளைத் தேடுபவனைப் போன்றிருத்தல் வேண்டும். அது தன் கையில் அகப்பட்டாலும் உடன் தேடுபவன் கையில் அகப்பட்டாலும் அவனுக்கு ஒன்றே. பெருங்கூட்டத்தின் முன் வாதிப்பதைவிடத் தனிமையில் வாதிப்பது அவனுக்கு விருப்பமாயிருத்தல் வேண்டும். எவரிடமிருந்து தானும் பயன்பெறக் கூடுமோ அவரோடே வாதிக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் 1948-இன் வானொலி உரையாடல் ஓரளவு தேறும்; பயோலா அரங்கு தேறாது. எமது வரலாற்றிலும் எல்லாம் செம்மையாயிருக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாக்தாதுக்கு வந்த அந்தலூஸ் அறிஞர் ஒருவர் அங்கு நடந்த கலாம் சபையைப் பற்றிக் கூறியது அல்-ஹுமைதியின் நூலில் பதிவாகியுள்ளது. முஸ்லிம்களோடு மஜூஸிகளும் தஹ்ரிகளும் யூதரும் கிறிஸ்தவரும் அமர்ந்திருக்க, எவரும் தத்தம் வேதத்தை ஆதாரமாகக் கொணரலாகாது, பகுத்தறிவைக் கொண்டே பேசவேண்டும் என ஒப்புக்கொண்டு சபை தொடங்கியதாம். அவர் வெறுப்புற்று வெளியேறி, மீண்டும் செல்லவில்லை. அவரது வெறுப்பை நாம் பகிர்ந்துகொள்ளவில்லை. இறைமறுப்பாளனுக்கும் இருக்கை தந்த அச்சபையின் தன்னம்பிக்கை எம்மைக் கவர்கின்றது. எனினும் அவரது தயக்கத்துக்கும் நியாயம் உண்டென்பதை இன்றைய ஒளிப்பதிவுகள் உணர்த்துகின்றன.

பாக்தாதின் சபையில் எல்லோருக்கும் இருக்கை இருந்தது. இன்றைய கிறிஸ்தவ நாத்திக மேடையில் முஸ்லிமுக்குப் பெரும்பாலும் இருக்கை இல்லை. அவன் அங்கு பேசுபொருளாகவே இருக்கின்றான். 2011-இல் கிரெய்க்கோடு விவாதிக்க டோக்கின்ஸ் மறுத்தார். பழைய ஏற்பாட்டில் கானானியர் கொல்லப்பட்டதைக் கிரெய்க் நியாயப்படுத்தியதே அதற்கு அவர் கூறிய காரணம். ஒக்ஸ்ஃபோர்டின் ஷெல்டோனியன் அரங்கில் அவருக்கென ஒரு நாற்காலி வெறுமையாக வைக்கப்பட்டது. அதே டோக்கின்ஸ் 2024-இல் தம்மைக் 'கலாசாரக் கிறிஸ்தவர்' என்று அழைத்துக்கொண்டு, இஸ்லாத்தைவிடக் கிறிஸ்தவம் தமக்கு உவப்பானது என்றார். அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2023 நவம்பரில், ஒருகாலத்தில் நாத்திகர் அணியில் நின்ற அயான் ஹிர்ஸி அலி தாம் கிறிஸ்தவரானதை அறிவித்த கட்டுரையில், இறைவன் உண்டென்பதற்கான வாதங்களைவிட மேற்கு நாகரிகத்தின் எதிரிகள் பற்றிய பேச்சே மேலோங்கியிருந்தது; அவ்வெதிரிகளுள் இஸ்லாமியவாதமும் ஒன்று. இறைவன் உளனா என்று தொடங்கிய வாதம், எந்த நாகரிகம் வாழவேண்டும் என்பதில் வந்து நிற்கின்றது. கஸ்ஸாலியின் பெயர் கேட்டு மகிழும் இளைஞர் இத்திசை மாற்றத்தையும் கவனித்தல் வேண்டும்.

அவரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஐயம் அவரை உண்மையாகவே வாட்டுகின்றது. விடை கிடைக்கும் இடத்துக்கு அவர் செல்கின்றார். எமது மேடைகளிலோ கிரெய்க்கின் வாதங்களை அவரது உதாரணங்களோடும் நகைச்சுவையோடும் அப்படியே எடுத்துப் பேசும் வழக்கம் தோன்றியுள்ளது. கலாம் மருந்தைப் போன்றது, நோயுற்றோனுக்கு வேண்டிய அளவில் மட்டும் தரவேண்டியது என்ற 'இஹ்யா'வின் அறிவுரையை அங்கு எவரும் நினைப்பதாகத் தெரியவில்லை. நோயில்லாதவருக்கும் அம்மருந்து கூட்டமாகப் புகட்டப்படுகின்றது.

எமது மத்ரஸாக்களில் நஸஃபியின் அகீதாவுக்குத் தஃப்தாஸானி எழுதிய விளக்கவுரை இன்றும் ஓதப்படுகின்றது. உலகம் அதன் எல்லாப் பகுதிகளோடும் புதிதாய்த் தோன்றியது என்ற வாதம் அதன் தொடக்கத்திலேயே வருகின்றது. அதனை ஓதும் மாணவருக்கு, அதே வாதத்தைக் கொண்டு நியூ ஆர்லியன்ஸில் ஒருவர் இயற்பியலாளரோடு வாதிட்டது தெரியாது. அந்த ஒளிப்பதிவைப் பார்க்கும் பொறியியல் மாணவருக்கு, தம் ஊர் மத்ரஸாவில் அது நூற்றாண்டுகளாகப் பாடமாயிருப்பது தெரியாது. இருவரையும் ஓரிடத்தில் அமர்த்தி, 'தஹாஃபுத்'தின் முதற் பிரச்சினையை வாசித்து, அதே அமர்வில் அதற்கு இப்னு ருஷ்து எழுதிய மறுப்பையும் வாசிக்கலாம். கடந்துபோன சுற்றுக்கள் ஒருங்கே உளவாயிருப்பனவல்ல, ஆகவே ஒற்றை இரட்டை என்ற எண்ணிக்கையே அவற்றுக்குப் பொருந்தாது என்பது இப்னு ருஷ்தின் வாதம். ஷான் கரோலின் மறுப்பைவிட அது கடினமானது. அதற்குக் கஸ்ஸாலியின் தரப்பில் என்ன மறுமொழி கூறலாம் என்பதை ஆசிரியர் உடனே சொல்லிவிடாமல் மாணவரிடமே ஒரு வாரம் விட்டுவைப்பது நன்று.