கண்ணுக்குப் பெரிது, காலுக்குச் சிறிது

சென்னையின் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டுகளில் 10 அடிக்கு 14 அடி ஹால் சர்வசாதாரணம். அந்த 140 சதுர அடிக்குள் வாசல் கதவு திறக்க வேண்டும், படுக்கையறைகளுக்கும் சமையலறைக்கும் பால்கனிக்கும் வழி விட வேண்டும், டி.வி. ஓட வேண்டும், வந்தவர்கள் உட்கார வேண்டும், பிள்ளை வீட்டுப்பாடம் எழுத வேண்டும், ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் ராத்திரி பாயும் விரிக்க வேண்டும். இத்தனையும் நடக்கிற இடத்தைப் பெரிதாகக் காட்டித் தருகிறோம் என்பதுதான் உள்ளலங்காரத் தொழில் இன்று தரும் முக்கியமான வாக்குறுதி. வெள்ளைச் சுவர், ஆளுயரக் கண்ணாடி, ஃபால்ஸ் சீலிங், கண்ணாடி டீப்பாய், எல் வடிவ சோபா என்று பட்டியல் தயாராக இருக்கிறது. எந்த ஹாலுக்கும் அதே பட்டியல்.

இதை ஒட்டுமொத்தமாக ஏமாற்று வேலை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. சின்ன வீட்டில் மூச்சு முட்டாமல் இருக்க ஆசைப்படுவது நியாயம். 20 வருடம் வீட்டுக் கடன் கட்டப்போகிறவருக்கு அந்த ஆசை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம். என் குறை வேறு. இந்த யோசனைகளில் பெரும்பாலானவை வாசலில் நின்று உள்ளே பார்க்கிற கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. உள்ளே நடக்கிற, குனிகிற, சாய்கிற, படுக்கிற உடம்பை அவை கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. ஒவ்வொன்றையும் அந்த உடம்பைக் கொண்டு சோதித்தால்தான் எது நிற்கும், எது விழும் என்பது தெரியும்.

வெள்ளைச் சுவர் நிற்கிறது. அதற்கு ஆய்வின் ஆதாரமும் உண்டு. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்களான டேனியல் ஓபர்ஃபெல்ட், ஹைக்கோ ஹெக்ட் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், கூரை வெளிர் நிறமாக இருந்தால் அறை உயரமாகத் தெரிவது உறுதியானது. சுவர்கள் வெளிர் நிறமானாலும் அதே விளைவுதான். தரையின் நிறம் உயரத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சுவரை அடர்த்தியாக அடித்துக் கூரையை மட்டும் வெளுத்தால்தான் உயரம் எடுப்பாகத் தெரியும் என்று சொல்வார்கள். அதற்கு இந்த ஆய்வில் ஆதரவு கிடைக்கவில்லை. கூரையும் சுவரும் தத்தம் பங்கைத் தனித்தனியே செய்கின்றன. மொத்தப் பட்டியலிலும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவது வேறொன்றில்லை.

நமக்கும் வெள்ளை புதிதல்ல, பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்த ஊர்தான் இது. ஆனால் அந்த வெள்ளை வருடா வருடம் புதுப்பிக்கப்பட்டது. இன்று ஒருமுறை அடித்த எமல்ஷன் ஐந்தாறு வருடமாவது தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்கிற வீட்டைப் பாருங்கள். இரண்டரை அடி உயரத்தில் தலை எண்ணெய் பழுப்பு வட்டமாகப் படிந்திருக்கும். அதற்குச் சற்றுக் கீழே சின்னதாக இன்னொரு வட்டம், அது பிள்ளையுடையது. ஸ்விட்ச் பெட்டியைச் சுற்றி விரல் தடங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் ஓதம் ஏறினால் வெள்ளைதான் அதை முதலில் காட்டிக்கொடுக்கும். ஆகவே தூய வெள்ளையைவிட லேசாக மஞ்சளோ சாம்பலோ கலந்த நிறமும், ஈரத்துணியால் துடைக்கக்கூடிய பெயின்டும் நம் வாழ்க்கைக்குப் பொருத்தம். 6500 கெல்வின் குழல்விளக்கின் கீழ் தூய வெள்ளை கண்ணைக் கூசவும் வைக்கிறது.

கூரையை வெளுத்தால் உயரம் கூடுகிறது. அப்படியிருக்க, அதே கூரையைக் கீழே இறக்குகிற ஃபால்ஸ் சீலிங் எப்படி இந்தப் பட்டியலில் இடம்பிடித்தது என்பது எனக்கு விளங்கவே இல்லை. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர், அதாவது ஏறக்குறைய 9 அடி உயரம் வேண்டும் என்கிறது. ஏ.சி. அறையில் ஃபால்ஸ் சீலிங்கின் அடிமட்டம் வரை 2.4 மீட்டர் இருந்தால் போதும் என்று சலுகை தருகிறது. குறைந்தபட்சத்தையே ஒட்டிக் கட்டிய ஹாலில் ஜிப்சம் பலகையும் அதைத் தாங்கும் சட்டமும் அரை அடியைத் தின்றுவிட்டால் மிச்சம் எட்டரை அடி. அதிலிருந்து மின்விசிறி தொங்க வேண்டும். விசிறிக்கு மேலே காற்றை இழுக்க இடைவெளி தேவை. தண்டைக் குட்டையாக்கினால் காற்று வராது, நீளமாக்கினால் சட்டை மாற்றக் கையைத் தூக்குகிறவருக்குப் பயம். மே மாதத்தில் ஏ.சி.யைப் படுக்கையறையில் மட்டும் வைத்திருக்கும் குடும்பங்கள் ஹாலில் நம்பியிருப்பது இந்த விசிறியைத்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அடுக்குமாடியில் மேல்வீட்டுக் கசிவு எப்போது வேண்டுமானாலும் வரலாம். வெறும் கூரையாக இருந்தால் முதல் ஈரத்திலேயே தெரிந்துவிடும். ஜிப்சத்துக்குப் பின்னால் அது பல நாள் ஒளிந்திருந்து, பலகை பழுத்துத் தொங்கிய பிறகே வெளிப்படும்.

ஃபால்ஸ் சீலிங்கின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. விளிம்பில் ஒளிந்திருக்கும் எல்.இ.டி. பட்டை கூரையின் மீது வெளிச்சத்தைப் பாய்ச்சுகிறது. கூரை பிரகாசமானால் அறை விரிந்ததாகத் தோன்றுவது உண்மைதான். ஆனால் பலன் தருவது வெளிச்சம்தானே தவிர, பலகை இல்லை. சுவரில் மேல்நோக்கி ஒளி வீசுகிற இரண்டு விளக்குகளைப் பொருத்தினாலே அந்தப் பலன் கிடைத்துவிடும். உயரத்தில் ஓர் அங்குலம்கூடக் குறையாது.

அடுத்து கண்ணாடி. கோயில்களின் கண்ணாடி அறையில் நின்றவர்களுக்கு இதன் சக்தியை விளக்க வேண்டியதில்லை. எதிரெதிரே மாட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே ஒரே விளக்கு வரிசை வரிசையாகப் பெருகி, சின்ன அறைக்கு முடிவே இல்லாததுபோல் ஆகிவிடும். சமதளக் கண்ணாடியில் பிம்பம், பொருள் முன்னால் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு பின்னால் தெரியும். 10 அடி அகல ஹால் 20 அடியாகத் தெரிவது இதனால்தான். ஆனால் கண்ணாடி எதையும் தேர்ந்தெடுத்துக் காட்டாது. கோயிலில் அதன் முன்னால் இருப்பது விளக்கும் உற்சவரும். நம் ஹாலில் அதன் முன்னால் இருப்பது பெரும்பாலும் டி.வி.யும் ஒயர்களும், மடிக்கக் காத்திருக்கும் துணிக்குவியலும், சமையல் மேடையும். அவையும் இரட்டிப்பாகும். ஜன்னலுக்கு எதிரிலோ பக்கவாட்டிலோ மாட்டினால், வெளிச்சமும் வேப்பமரத்தின் ஒரு கிளையும் உள்ளே வரும். அப்போது அது தன் விலைக்கு நியாயம் செய்கிறது. ஜன்னல் அடுத்த பிளாக்கின் குளியலறைக் குழாய்களைப் பார்த்திருந்தால், கண்ணாடிக்கு வைத்த பணத்தை நல்ல விளக்குக்குச் செலவிடலாம். கண்ணாடி டீப்பாய்க்கு நீண்ட விவாதம் தேவையில்லை. கண் அதைக் கடந்துபோகும், முழங்கால் கடக்காது.

இந்தத் தொழிலின் பெரிய பிழை சோபாவில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல் வடிவ சோபாவின் ஒரு கை 8 அடி, மறு கை 6 அடி, ஆழம் 3 அடி என்றால் அது 33 சதுர அடி. டீப்பாய் 8, டி.வி. யூனிட் 9. மூன்றும் சேர்ந்து 50. வாசலிலிருந்து உள்ளறைகளுக்குப் போக 3 அடி அகலப் பாதை நீளவாக்கில் விட்டால் இன்னும் 42. 140இல் மிஞ்சுவது 48 சதுர அடி, அதுவும் ஒரே துண்டாக இல்லை. மூலைமுடுக்காகச் சிதறிக் கிடக்கும். சுவரை வெளுத்து, கண்ணாடி மாட்டி, கூரைக்கு ஒளியூட்டிச் சேர்த்த விசாலம் எல்லாம் இந்த ஒரே பொருளில் போய்விடுகிறது.

ஒரு நவராத்திரி மாலையில் உறவினர் வீட்டு ஹாலில் இதை நேரில் பார்த்தேன். அழகான ஹால், வாசலில் நின்றால் பத்திரிகைப் படம்தான். கொலுப்படி வைக்க இடம் தேடியபோது சோபா நகரவில்லை. அது அந்தச் சுவருக்கென்றே அளவெடுத்துச் செய்தது, பிரித்தாலொழிய வாசல் வழியாக வெளியே போகாது. படியை மூன்றாகக் குறைத்து டி.வி. யூனிட் மேலேயே வைத்தார்கள். வெற்றிலை பாக்குக்கு வந்த பெண்களில் ஐந்து பேர் சோபாவில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நின்றபடியே விடைபெற்றார்கள். பாட வந்த சிறுமிக்குச் சம்மணமிட்டு உட்கார இடமில்லை. பாயும் ஜமக்காளமும் இருந்த பழைய கூடமாக இருந்தால், இதே 140 சதுர அடியில் இருபது பேர் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். ஆள் வரும்போது விரித்து, போனதும் சுருட்டி வைக்கிற ஏற்பாடு அது.

எல்லோரும் தரைக்குத் திரும்புங்கள் என்று சொல்லவில்லை. முழங்கால் வலிக்கிறவர்களுக்கு நாற்காலி வேண்டும். சுவரோரம் 6 அடிக்கு இரண்டரை அடியில் ஒரு திவான், தூக்கி நகர்த்தக்கூடிய இரண்டு பிரம்பு நாற்காலிகள், டி.வி. சுவரில். மொத்தம் 23 சதுர அடி. இரவில் திவானே படுக்கை. திவானுக்குக் காலும் இருந்தால் தரை சுவர்வரை தெரியும், அறை விரிந்ததாகத் தோன்றும், துடைப்பமும் அடியில் தடையில்லாமல் போய்வரும். கண்ணும் உடம்பும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொள்கிற யோசனை இது.

அறைகலன் விஷயத்தில் ஆய்வுகளும் தெளிவாக இல்லை. மைன்ஸ் குழுவினரே 2014இல் சிறிய மாதிரி அறைகளை வைத்துச் சோதித்தபோது, பொருள் நிறைந்த அறை உயரமாகத் தெரிந்தாலும் விசாலம் குறைந்ததாகவே பட்டது. மெய்நிகர் அறைகளில் சோதித்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. எனவே இந்தச் சோபா நல்லது, அந்தச் சோபா கெட்டது என்று கண்ணை மட்டும் சாட்சியாக வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அளவு நாடாதான் நம்பகமான சாட்சி.

சின்ன அறையை வென்றதாக உலகமே கொண்டாடுகிற உதாரணம் ஒன்று உண்டு. கட்டிடக் கலைஞர் லெ கொர்பூசியே, பிரான்சின் மத்தியதரைக் கடலோரத்தில் தனக்கென 1952இல் கட்டிக்கொண்ட மரக்குடில். 3.66 மீட்டர் சதுரம், அதாவது 12க்கு 12 அடி. உயரம் 2.26 மீட்டர்தான். படுக்கை, மேசை, அலமாரி எல்லாம் அந்த அளவுக்கே இழைத்துப் பொருத்தப்பட்டவை. 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அது சேர்ந்தது. அந்த உள்ளமைப்பைப் புகழ்கிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். அந்தக் குடிலில் சமையலறையே கிடையாது. அவர் சாப்பிட்டது ஒட்டியிருந்த சிற்றுணவகத்தில், அங்கே போகக் குடிலுக்குள்ளேயே ஒரு கதவு இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல். அறை சின்னதாக இருக்க முடிந்ததற்கு அண்டை உணவகமும் வெளியும் கைகொடுத்தன.

நம் ஊர்த் திண்ணையும் முற்றமும் செய்த வேலை அதுவேதான். உள்ளே சின்னதாக இருந்த வீட்டுக்கு வெளியே ஒரு நீட்சி இருந்தது. ஃப்ளாட்டில் அந்த நீட்சியாக எஞ்சியிருப்பது பால்கனி ஒன்றே. அதையும் சுவரை உடைத்து ஹாலோடு சேர்த்துக்கொள்கிற வழக்கம் பரவிவருகிறது. 30, 40 சதுர அடி கிடைக்கிறது என்பது மெய். போவது என்ன? காற்று வரும் வழி, துணி காயும் கொடி, துளசித் தொட்டி, சாயங்காலம் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற இடம். அனுமதி பெற்ற வரைபடத்துக்கு மாறான வேலை என்பதால் பின்னால் விற்கும்போது கேள்வியும் வரும். ஹாலைப் பெரிதாக்கச் சொல்லும் யோசனைகளில் நான் கடுமையாக எதிர்ப்பது இது ஒன்றைத்தான். மற்றவற்றைக் கழற்றிவிடலாம், போன பால்கனியை மீட்பது சுலபமில்லை. சமையலறைச் சுவரை எடுப்பதில் எனக்கு அவ்வளவு எதிர்ப்பில்லை. தாளிக்கிற புகை ஹாலுக்கு வரும் என்றாலும், சமைக்கிறவர் தனியே அடைபட்டிராமல் பேச்சில் கலந்துகொள்ளலாம். அது சுமை தாங்கும் சுவரா என்று பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே கை வைக்க வேண்டும்.

ஹாலைச் சின்னதாக்குவதில் பெரும்பங்கு, அலங்காரம் தொடங்குவதற்கு முன்பே கட்டுநரின் மேசையில் முடிந்துவிடுகிறது. 2016இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு கார்ப்பெட் ஏரியா எத்தனை சதுர அடி என்பதை நமக்குச் சொல்லியாக வேண்டும். அந்த எண் கதவுகளைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரே அளவுள்ள இரண்டு ஹால்களில், கதவுகள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிய ஹாலில் பாதை ஒன்றுதான், மீதி முழுச் சுவரும் முழுத் தரையும் நம்முடையவை. நான்கு மூலையிலும் கதவு வைத்த ஹாலில் எந்தச் சுவரும் முழுசாகக் கிடைக்காது, நடுத்தரை முழுக்கப் பாதையாகிவிடும். அந்த ஹாலை எந்தப் பெயின்டாலும் காப்பாற்ற முடியாது. மாதிரி வீடு பார்க்கப் போகிறவர்கள் கையோடு ஒரு டேப் கொண்டுபோகலாம். எல்லாக் கதவுகளையும் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு மிச்சத் தரையை அளக்கலாம். அங்கே போட்டிருக்கும் கட்டில், அறையைப் பெரிதாகக் காட்டக் குறுக்கிச் செய்ததாக இல்லாமல், ஆறேகால் அடி இருக்கிறதா, சோபாவில் முதுகு சாய ஆழம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, முன்பணத்தைப் பற்றிப் பேசலாம்.