கண்டதும் பிடித்ததும்

நமது பாடப்புத்தகங்களின் விஞ்ஞான வசனத்துக்குக் கைவந்த வினைச்சொல் ஒன்றுதான்: கண்டுபிடித்தார். ராமன் விளைவை 1928 பிப்ரவரி 28இல் சர் சி. வி. ராமன் கண்டுபிடித்தார். நெமிலிச்சேரியில் பக்கத்து வீட்டுப் பையன் இதை உருப்போடுகிறான். பரீட்சைக்கு இது போதும்.

ஆனால் அந்தச் சொல்லுக்குள் இரண்டு காரியங்கள் இருக்கின்றன: காண்பது, பிடிப்பது. கல்கத்தாவில் இந்த இரண்டுக்கும் நடுவே ஐந்து வருஷங்கள் கிடந்தன. 1923இல் ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன் நீரில் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தபோது, பாய்ச்சிய ஒளியின் நிறத்தோடு சேராத மங்கலான வெளிச்சம் ஒன்று தெரிந்தது. நீரில் கலந்திருக்கும் அசுத்தமே காரணம் என்று பட்டது. திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. 'பலவீனமான ஒளிர்வு' என்று பெயர் வைத்தார்கள். ராமனுக்கு அந்தப் பெயரில் திருப்தியில்லை. 1928இல் அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் சுமார் அறுபது திரவங்களில் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் அது இருந்தது. அழுக்கு என்று ஒதுக்கப் பார்த்ததே விஷயமாக நின்றது.

இந்த ஐந்து வருஷத்தைக் கழித்துவிட்டால் மாணவனுக்கு மிஞ்சுவது ஸ்தல புராணம். தவறான பெயரோடு ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை நம்பாமலும் இருப்பது எப்படி என்பதைத்தான் வகுப்பில் சொல்லித்தர வேண்டும். அதைச் சொல்லும் வசனத்தை நாம் இன்னும் எழுதவில்லை.