கிளட்ச் எடுக்கும் இடம்

2004-இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். நம் சாலைக்கு வந்தது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் டார்க். இன்றைக்கு இந்த எண்களைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு அது பெரிய சமாச்சாரம். வயதாகிப்போன அந்த வண்டியைத் தேடிப்பிடித்து வாங்கி, லேப்டாப்பைச் சொருகி மேப் போட்டு, கூடுதல் சக்தி ஏற்றி ஓட்டுகிற ஆசாமிகள் இப்போதும் உண்டு. அவர்களுக்குத் தம்பிமார் 2015-இல் வந்த அபார்த் புன்டோக்காரர்கள்: 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர். டீசல் பிரியர்களுக்குப் பழைய போலோ 1.6 டிடிஐ இருக்கிறது. குதிரைத்திறன் 105தான், ஆனால் டார்க் 250. மேப் போட்ட பிறகு இந்த வண்டிகளுக்கெல்லாம் பெரும்பாலும் முதலில் வலிப்பது ஒரே இடத்தில்தான்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரும் சாலையில், கீரனூர் தாண்டி ரோடு காலியாகக் கிடக்கும்போது அது தெரியவரும். ஐந்தாவது கியர், 2000 சுற்று. ஆக்சிலேட்டரை அடி வரை மிதித்தால் மீட்டரில் முள் விறுவிறுவென ஏறும். வண்டியோ போன வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். கொஞ்சம் பொறுத்து, கருகிய காகித வாசம். “சிலிப் ஆகுதுண்ணே” என்று மெக்கானிக் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. முதல் கியரில் வண்டி பாய்ந்து ஓடிவிடுவதால் கிளட்சின் மேல் சுமை கொஞ்ச நேரம்தான். டாப் கியரில் வண்டி சுலபத்தில் அசையாது. டர்போவின் முழு டார்க்கும் பிளேட்டின் மேல் உட்கார்ந்துவிடும். அதனால்தான் பச்சை விளக்கில் தப்பித்த கிளட்ச், ஹைவேயில் மாட்டிக்கொள்கிறது.

குதிரைத்திறனைச் சொல்லிக் கிளட்ச் கேட்பவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். கிளட்சுக்குத் தெரிந்தது டார்க் மட்டுமே. அதன் கணக்கும் பள்ளிக்கூடக் கணக்குத்தான்: உராய்வு எண், பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை, நான்கையும் பெருக்க வேண்டும். உராய்வு எண் 0.3, அழுத்தம் 5000 நியூட்டன், ஆரம் 9.5 செ.மீ., முகங்கள் 2 என்று வைத்தால் 285 நியூட்டன் மீட்டர் வரும். இதை 340-க்கு ஏற்ற வேண்டுமென்றால் நான்கில் ஏதாவது ஒன்றைக் கூட்டியாக வேண்டும். ஆரத்தைக் கூட்ட, பிளைவீலும் பெட்டியும் இடம் கொடுக்காது. மிச்சம் மூன்று வழி. நம் ரசனை வேலை செய்ய வேண்டிய இடம் இந்த மூன்றுதான்.

உராய்வு எண்ணைக் கூட்டுவது மலிவான வழி. செராமிக் பட்டன் வைத்த பிளேட் போட்டால் 0.3 என்பது 0.4-ஐத் தொடும், பிடி சட்டென்று கூடிவிடும். புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்த பட்டன் பிளேட் புதிதல்ல. வயலில் உழும் டிராக்டருக்கும் லாரிக்கும் போடுகிற சரக்கு அது. அங்கே அதற்கு நல்ல பெயர், சூட்டுக்கு அஞ்சாது. ஆனால் டிராக்டர் ஓட்டுபவர் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அதே குதியைக் காருக்குள் கொண்டுவந்து, பக்கத்து இருக்கையில் மாமியாரை உட்கார வைத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பந்தயம் ஓட்டுபவருக்குப் பிரச்சினை இல்லை. வண்டியைக் கிளப்பும்போது ஒருமுறை நின்ற இடத்திலிருந்து எடுத்தால் போதும். நமக்கு அப்படியா?

சேஷையா சாஸ்திரி 1878 முதல் 1894 வரை புதுக்கோட்டைத் திவானாக இருந்தபோது நேர்க்கோடு பிடித்தாற்போல் அமைந்த ராஜ வீதிகள் நம்முடையவை. எழுதிப் பார்க்க அழகு. ஓட்டிப் பார்த்தால், கொஞ்ச தூரத்துக்கு ஒரு குறுக்குத்தெரு, ஒவ்வொரு முனையிலும் ஒரு பைக், ஒரு மாடு, ஒரு ஷேர் ஆட்டோ. கீழராஜ வீதியைக் கடந்து முடிப்பதற்குள் இடது கால் முழுக்கச்சேரி செய்து முடித்திருக்கும். மாசித் திருவிழாவில் திருவப்பூர் மாரியம்மன் கோயில் பக்கம் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு முழுக்க ஹாஃப் கிளட்ச்தான். பட்டன் பிளேட்டுக்கு ஹாஃப் கிளட்ச் என்ற ஒன்றே தெரியாது. பிடித்தால் பிடி, விட்டால் விடு. ரிவர்ஸில் மேடேறும்போது டேஷ்போர்டே நடுங்கும். நல்ல கிளட்ச் எது என்று கேட்டால் என் பதில் இதுதான்: தாங்க வேண்டிய டார்க்கைத் தாங்கும் கிளட்சுகளில் எது பரம சாதுவோ, அது.

அந்தச் சாதுத்தனம் எங்கிருந்து வருகிறது என்பதைப் கார்களில் வழக்கமாக வரும் ஆர்கானிக் பிளேட் புதிதாக ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தால் புரியும். இரண்டு பக்கமும் பழுப்பு நிற லைனிங், ரிவெட் தலைகள் உள்ளே பதுங்கியிருக்கும். ஓரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய ஸ்டீல் தகடுகள் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் நூலளவு அமுங்கும். கால் மிதியை விடும்போது ‘எடுக்கும் இடம்’ என்று நாம் உணர்வதெல்லாம் அந்த நூலளவு அமுக்கம்தான். நடுவில் குமிழைச் சுற்றி நாலைந்து சுருள் ஸ்பிரிங்குகள் இருக்கும். இன்ஜினின் துடிப்பு கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேராமல் அவை வாங்கிக்கொள்ளும். பந்தயப் பிளேட்டுகள் பலவற்றில் இந்த இரண்டும் இருக்காது. மாமூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய ஊரில் இதை விளக்கவே வேண்டாம். தோலில் தண்ணீர் தடவி இளக்கினால்தான் அதில் நாதம் பிறக்கும்; விறைத்த தோலில் என்ன தட்டினாலும் வெறும் சத்தம்தான்.

இரண்டாவது வழி அழுத்தத்தைக் கூட்டுவது. பிளேட் அதே ஆர்கானிக், பிரஷர் பிளேட் மட்டும் கெட்டி. என் கணக்கில் 5000 என்பதை 6000 ஆக்கினால் 342 வந்துவிடுகிறது. மேப் போட்ட பழைய ஆர்.எஸ்ஸுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். ஜெர்மனியின் சாக்ஸ் மாதிரி, ஒரிஜினல் கிளட்சும் செய்து பலம் கூட்டியதும் செய்கிற கம்பெனிகள் இதில் கெட்டிக்காரர்கள். அதற்கான விலையைக் கால்தான் கொடுக்க வேண்டும்: மிதி கனக்கும். பிரஷர் பிளேட்டில் இருக்கும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் குணம், பாதி மிதிக்கும் வரை எதிர்த்துவிட்டுப் பிறகு இளகிக்கொடுக்கும் என்பதால் சமாளித்துவிடலாம். ஆனால் சிக்னலில் மிதித்தபடியே நிற்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிட வேண்டும். அந்த அழுத்தம் முழுவதையும் ரிலீஸ் பேரிங்கும், அதற்குப் பின்னால் கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் பேரிங்கும் சுமக்கின்றன. பின்னது போனால் இன்ஜினையே பிரிக்க வேண்டும்.

கெவ்லார் பிளேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெண்ணெய் மாதிரி எடுக்கும் என்பார்கள், பொய்யில்லை. ஒருமுறை நன்றாகச் சூடேற்றி வழுவழுப்பாக்கிவிட்டால் பழைய பிடி திரும்ப வருவது கஷ்டம் என்பதை மட்டும் கடையில் சொல்ல மாட்டார்கள். நம் கத்திரி வெயிலுக்கும் நெரிசலுக்கும் நான் அதை வாங்க மாட்டேன்.

மூன்றாவது வழி முகங்களைக் கூட்டுவது. இரண்டு பிளேட், நடுவில் ஒரு தகடு, ஆக நான்கு முகம். அதே 0.3, அதே 5000, டார்க் 570. மிதியும் பழைய கனம்தான்! காசிருந்தால் இதைவிட நாகரிகமான தீர்வு கிடையாது. நியூட்ரலில் மிதித்து நிற்கும்போது உள்ளே தகடு தளர்ந்து கலகலவென்று ஒரு சத்தம் போடும். தெரியாதவர்கள் “என்ன சார், வண்டி உடைஞ்சிருச்சா?” என்பார்கள். தெரிந்தவர்களுக்கு அது சங்கீதம். ஆனால் 300 நியூட்டன் மீட்டர் வண்டிக்கு இதைப் போடுவது வீண் ஆடம்பரம்.

டீசல்காரர்களுக்குத் தனியாக ஒன்று. இரண்டு பாகமாக வரும் டூயல் மாஸ் பிளைவீல் இருக்கிற வண்டியில் அதைக் கழற்றிவிட்டு ஒற்றைப் பிளைவீல் போடச் சொல்லும் ஆலோசனைக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். செலவு மிச்சமாகும், ஆனால் ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடவென்று ஆடுவதைத் தினம் கேட்டாக வேண்டும். எடை குறைந்த பிளைவீலும் அப்படித்தான்; ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் வண்டி ஆஃப் ஆகும்.

கியர்பாக்ஸை இறக்கியாயிற்று என்றால் ரிலீஸ் பேரிங்கையும் கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் சேர்த்தே மாற்றிவிடுவது உத்தமம். சீலில் ஆயில் கசிந்து லைனிங்கில் பட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிளேட்டும் குப்பைதான். பிளைவீலில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் அது சூட்டுத் தழும்பு. லேத்தில் கொடுத்து முகம் எடுக்காமல் அதன் மேல் புதுப் பிளேட்டை மாட்டக் கூடாது. டூயல் மாஸ் என்றால் இந்த வைத்தியம் பெரும்பாலும் செல்லாது, மாற்றத்தான் வேண்டும்.

மாட்டிய பிறகுதான் அவசரக்காரர்கள் காரியத்தைக் கெடுப்பது. புது ஆர்கானிக் பிளேட் பிளைவீலோடு இழைந்து படிய 500 முதல் 800 கி.மீ. வரை முழு ஆக்சிலேட்டர் இல்லாமல் ஓட்டச் சொல்வார்கள். உடனே திருச்சிக்கு ஒரு நடை போய்த் திரும்பிவிட்டு 110 கி.மீ. முடிந்தது என்று கணக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹைவேயில் டாப் கியரில் போனால் கிளட்ச் பிடித்தபடியே கிடக்கும், உராய்வதே இல்லை. அது படிவது கியர் மாற்றும்போதும், நின்று எடுக்கும்போதும்தான். ஆகவே 300 நியூட்டன் மீட்டர் வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு, சில வாரம் மார்க்கெட்டுக்கும் பேருந்து நிலையத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓட்ட வேண்டியிருக்கும். பின்னால் ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை.