கற்பிட்டியின் ஏடும் உடப்பின் பாட்டும்

புத்தளக் கரை பயணிகளுக்குப் புதியதன்று. 1344ஆம் ஆண்டு இங்கு வந்திறங்கிய இப்னு பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியையும் அவனுடைய முத்துக்களையும் பற்றித் தம் பயண நூலிற் சொல்லியுள்ளார். வந்தவன் கண்டது அவ்வளவு. இக்கரையிலேயே பிறந்த ஒருவர் கண்டதைத் தொகுப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகள் செல்லவேண்டியிருந்தன. கற்பிட்டியில் 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டியே அவர்.

அவர் அரசாங்க உத்தியோகத்தர். எந்த உத்தியோகத்திலும் ஒருவர் ஆண்டுக்கணக்கில் அறிந்தது, அவர் மாற்றலாகிப் போகும்போது அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் மீண்டும் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குகிறார். காசிச்செட்டி இந்த வழக்கத்தை மீறினார். இலங்கையின் ஊர்கள், துறைமுகங்கள், ஆறுகள் ஆகியவற்றைப் பற்றிய செய்திகளை அகரவரிசைப்படுத்தி, 1834இல் ‘சிலோன் கசற்றியர்’ என வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ நூலைத் தந்தார். தனியொருவர் செய்த இப்பணியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும் விமரிசகன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: யாருக்காகத் தொகுக்கப்பட்டது இவ்வறிவு? இரண்டு நூல்களும் ஆங்கிலத்தில் எழுந்தவை. தமிழுக்கும் இலக்கியச் செல்வம் உண்டென்று ஆள்வோர்க்கு உணர்த்த அவை பயன்பட்டன. ஆனால் அச்செல்வத்துக்குரிய மக்களிற் பெரும்பாலோர்க்கு அவை எட்டவில்லை. புலவர் வரலாறுகளைத் தமிழிலேயே கூறும் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இலேதான் வந்தது.

கற்பிட்டிக்குத் தெற்கே, அதே கரையில், உடப்பு மீனவரிடம் வேறொரு வகை அறிவு வளர்ந்தது. கரைவலையை ஒருவன் தனியே இழுக்க முடியாது. இருபுறக் கயிற்றையும் பலர் பற்றி, ஒரே மூச்சில் இழுத்தாக வேண்டும். அந்த ஒருமைப்பாட்டைத் தந்தது அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுக்க மற்றையோர் தொடர்ந்து பாடுவர். உழைப்பின் வேகமே பாட்டின் தாளமாயிற்று. இங்கே கலை ஓய்வுநேர அலங்காரமன்று. தொழிலின் ஒழுங்கமைப்பே கலையாக நின்றது. கயிறு பிடித்த ஒவ்வொருவரும் அதன் ஏடாக இருந்தனர்.

இலங்கைக் கரையோரங்களில் உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழலியால் வலையிழுக்கும் வழக்கம் பின்னர் பரவியது. முதுகொடியும் உழைப்புக் குறைவதை நாம் வரவேற்கிறோம். பாட்டுக்காக மனிதன் பாடுபட வேண்டும் என்பது இரக்கமற்ற இரசனை. ஆயினும் கயிற்றை விட்ட கைகளோடு பாட்டும் போய்விடக்கூடும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் அப்பாட்டுக்களைத் திரட்ட முன்வரவேண்டும். சொற்களை மட்டுமன்றி, எந்தக் காற்றில், வலை எவ்வளவு தூரம் வந்தபோது, எந்த அடி பாடப்பட்டது என்பதையும் எழுதவேண்டும். எழுதியதைப் பாடியவர் முன்னிலையிலேயே வாசித்துத் திருத்தி, அவ்வூர்ப் பாடசாலையில் வைக்கவேண்டும். காசிச்செட்டியிடம் நாம் கற்கவேண்டியது அவருடைய உழைப்பை; அவர் செய்யாது விட்டது, அறிவை அதன் உரியவரிடமே திருப்பிச் சேர்க்கும் கடமையை.