பொறியும் பச்சையும்

பச்சை குத்துதல் என்னும் வழக்கத்தை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அதனை அணிவகையுள் ஒன்றாகவோ, குலத்தை அறிவிக்கும் அடையாளமாகவோ கொண்டனர். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் நூலில், பச்சை குத்தும் குறவர் மகளிரைப் பற்றிக் குறித்துள்ளார். எவர் குத்துகின்றனர், எவ்வுருவைக் குத்துகின்றனர் என்னும் வினாக்களுக்கு அவ்வகை நூல்களில் விடை உண்டு. குத்திக்கொண்டவர் அதனை ஏன் வேண்டினார் என்னும் வினா அவற்றுள் பெரிதும் எழுவதில்லை. அவ்வினாவைத் தமிழ் இலக்கியம் முன்னரே எழுப்பியுள்ளது என்பதும், பச்சையை அவ்வழி நின்று நோக்குதல் தகும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

சங்க இலக்கியத்தில் உடம்பின்மேல் எழுதப்படுவது தொய்யில். மகளிர் மார்பிலும் தோளிலும் குழம்பு கொண்டு எழுதும் கோலம் அது. குறுந்தொகை 276ஆம் பாட்டில் தலைவன், தலைவியின் மேனியில் தான் எழுதிய தொய்யிலைத் தம் உறவுக்குச் சான்றாகச் சுட்டி, அரசன் அவையில் முறை கேட்பது பற்றியும் பேசுகின்றான். ஈண்டு இரண்டு கருதத்தக்கன. தொய்யில் அழியும் இயல்பினது. இப்பாட்டில் அது எழுதியவன் உரிமையைப் பேசுகின்றதேயன்றி, ஏற்றவள் உள்ளத்தைப் பேசவில்லை. ஆதலின் தொய்யிலைப் பச்சையின் முன்னோடியாகக் கோடல் பொருந்தாது.

பச்சைக்கு நெருங்கிய இனம் சமய இலக்கியத்தில் வரும் பொறியாகும். பெரியாழ்வார் திருப்பல்லாண்டில், சக்கரப் பொறி ஒற்றப்பெற்று வழிவழியாக ஆட்செய்யும் அடியாரைப் பாடுகின்றார். அது ஒரு குழுவின் குறி. அப்பர் பெருமான் பெண்ணாகடத்துத் திருத்தூங்கானைமாடத்தில் வேண்டிய பொறியோ தனி ஒருவருடைய உள்ளத்தினின்று எழுந்தது. சமணம் சார்ந்திருந்த உடம்போடு வாழத் தரியாமல், சூலக்குறியைத் தம்மேற் பொறித்தருளுமாறு அவர் இறைவனை வேண்டினார். நான்காம் திருமுறையில் உள்ள அத்திருவிருத்தம் விண்ணப்பமாகவே அமைந்துள்ளது. சூலக்குறியும் இடபக்குறியும் அவர்மேற் பொறிக்கப்பெற்ற செய்தியைச் சேக்கிழார் கூறுகின்றார். உடம்பின் பழைய வரலாறு அதனால் அழிந்திலது. அவ்வுடம்பு எவர்க்குரியது என்பது தெளிவாயிற்று. அதனைத் தெளிவாக்கியவர் உடம்பிற்குரியவரே. குறியை வேண்டிப் பெற்றார் என்பதிலேயே அதன் பொருள் அடங்கியுள்ளது.

இவ்வளவையைக் கொண்டு நம் நாளைய பச்சையை நோக்குவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. அங்குத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரையும் மேல்தோலையும் நீக்குவர். பின்னர், முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். இந்நாளில் பெரும்பாலும் குரோமிய உப்புக் கொண்டு பதனிடுகின்றனர். எஞ்சிப் பயன்படுவது உள்தோல். மாட்டின்மேல் இட்ட சூட்டுத்தழும்பு ஆண்டு பல கழிந்தும் அதில் தோன்றி, தோலின் விலையைக் குறைக்கும். வேண்டாமல் இடப்பட்ட குறி அது. மாந்தர் உடம்பில் பச்சையின் கரி சென்று தங்குவதும் உள்தோலிலேயே. மேல்தோல் தேய்ந்து தேய்ந்து புதிதாக வளரினும் பச்சை மறையாமைக்கு இதுவே காரணம்.

என் மாணவர் ஒருவருடைய தாயார் அத்தகைய சாலையொன்றில் நெடுங்காலம் கூலி வேலை செய்து ஓய்ந்தவர். சுண்ணாம்பினால் அவர் விரல் நுனிகள் வழவழப்பாகிவிட்டன. இடக்கையின் உட்புறத்தில் ஒரு பெண்பெயர் மட்டும் மங்காமல் நின்றது. குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவில் குத்திக்கொண்டது என்றார். அவர்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. பின் எழுத்தைக் குத்திக்கொண்டது ஏன் என்று வினவினேன். “எங்கம்மா பேரு எந்த நோட்டுலயும் இல்ல சார். என் கையிலயாவது இருக்கட்டும்னு குத்திக்கினேன்” என்பது அவர் விடை.

இவ்விடையை அணி என்னும் வகையுள் அடக்கல் இயலாது. குல அடையாளம் என்றும் கூறல் இயலாது. அப்பர் விண்ணப்பத்தோடு இதனை ஒருங்கு வைத்து நோக்குக. அவர் வேண்டியது இறைவன் குறி. இவர் வேண்டியது தாயின் பெயர். இருவரும் தம் உடம்பைத் தாமே ஓர் உறவுக்கு உரித்தாக்கினர். வேற்றுமை பெரிதாயினும் செயலின் அமைப்பு ஒன்றே.

இவ்விடத்துப் பெரியபுராணத்தில் மற்றொருவர் வரலாறும் நினைவிற்கு வருகின்றது. ஆதனூர் நந்தனார் கோயில் முரசங்களுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தவர். அவர் தந்த தோல் கோயிலுள் சென்றது, அவர் செல்லவில்லை. தில்லையில் அவர் தீயுட் புகுந்து, பூணூல் விளங்கும் முனிவர் வடிவோடு எழுந்த பின்னரே உள்ளே செல்ல முடிந்தது. தம் உடம்பைக் குறையுடையதாக எண்ணி வருந்தியவர் அப்பரும் ஆவர். அவர்க்குப் பொறி போதியதாயிற்று, உடம்பு நின்றது. நந்தனார்க்கோ உடம்பே மாற வேண்டியதாயிற்று. அப்பர்க்குக் குறை தாம் சார்ந்த சமயத்தால் வந்தது. நந்தனார்க்கு அது பிறப்பின்மேல் ஊரார் ஏற்றியது. சேக்கிழார் நந்தனாரை உயர்த்தவே பாடினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வுடம்போடே அவரை உள்ளே அழைக்க அக்காப்பியம் துணிந்திலது. பத்திப் பெருக்கில் இக்குறையை மறைத்துரைத்தல் திறனாய்வாளர்க்கு அழகன்று.

தோலோடு வாழ்நாளெல்லாம் உழன்ற அவ்வம்மையாரின் கையெழுத்து இவ்விடத்திற்றான் தன் முழுப்பொருளைப் பெறுகின்றது. ஊரார் இழிவென்று ஒதுக்கிய தொழிலில் தேய்ந்த அக்கையை அவர் மாற்றிக்கொள்ள விழையவில்லை. அக்கையையே தம் தாயின் பெயர் நிற்கத் தக்க இடமாக மதித்தார். அதனை எரியிலிட வேண்டும் என்னும் எண்ணம் அவர்பால் எழவேயில்லை.

ஆதலின், நாட்டுப்புற வழக்காறுகளைத் தொகுக்கப் புகும் மாணவர், பச்சையின் உருவத்தை வரைந்து கொள்வதோடு அமைதல் கூடாது. ‘இதனை வேண்டியவர் யார், எதன்பொருட்டு வேண்டினார்’ என்று கேட்டு, விடையை அவர் சொல்லிலேயே எழுதிக் கொள்ளல் வேண்டும். அவ்வாறு எழுதாவிடின், தாய் பெயரைக் கையில் ஏந்திய அம்மையாரும் நம் ஏட்டில் ‘இடக்கை, எழுத்துரு’ என்னும் இரண்டு சொற்களாகவே எஞ்சுவார்.