பாத்திரம் பழசாகவே இருக்கட்டும்

வீட்டில் பியர் காய்ச்ச மால்ட் சாறு டின்னை விட்டுத் தானியத்துக்கு மாறப்போகிறேன் என்று சொல்லும் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது பாத்திரத்தைப் பற்றித்தான். மூன்று பானை வைக்கலாமா, பம்ப் வேண்டுமா, சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் மின்சார அண்டா வாங்கிவிடலாமா என்று. அதற்கெல்லாம் நூற்றுக்கணக்கான பவுண்டுகளைக் கொட்டிவிட்டு, மால்ட் வாங்கும்போது மட்டும் கிலோவுக்குச் சில பென்ஸ் மிச்சம் பிடிப்பார்கள். கையில் இருப்பது கொஞ்சம் காசுதான் என்றால் அது முழுவதும் மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி ரகத்தின் மால்டுக்குப் போகட்டும் என்பது என் கட்சி.

1.7 கிலோ டின்னோடு ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து 23 லிட்டர் ஆக்குகிறவர்களை நான் கேலி செய்வதில்லை. பாத்திரச் சுத்தமும் ஈஸ்டின் குணமும் அதிலேயே கைக்குப் பழகிவிடும். ஆனால் எந்த பார்லி, எந்தச் சூட்டில் வெந்நீரில் ஊறி மாஷ் ஆனது என்பதெல்லாம் டின்னை மூடுவதற்கு முன்பே வேறொருவர் தீர்மானித்துவிட்ட சங்கதி. டின் கிடங்கில் கிடக்கக் கிடக்க நிறமும் கறுக்கும், அந்த டின் வாடையும் ஏறும். சர்க்கரையைக் குறைத்தாலும் நல்ல ஈஸ்டைப் போட்டாலும் அது முழுசாகப் போவதில்லை.

மாரிஸ் ஆட்டர் 60-களின் மத்தியில் கேம்பிரிட்ஜ் பயிர்ப் பெருக்க நிலையத்திலிருந்து வந்தது. ப்ராக்டரையும் பயனியரையும் கலந்து ஜி.டி.எச். பெல் உருவாக்கிய, இலையுதிர்காலத்தில் விதைக்கும் பார்லி. விளைச்சலில் பின்னால் வந்த ரகங்களோடு அதனால் போட்டி போட முடியவில்லை. விதையிலும் வேறு ரகங்கள் கலந்து தரம் கெட்டது. 1989-இல் பரிந்துரைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டியது. நார்ஃபோக்கிலும் ஹாம்ப்ஷயரிலும் இருந்த இரண்டு தானிய வியாபாரிகள் நல்ல கதிர்களைப் பொறுக்கி விதையைச் சுத்தப்படுத்தி, விவசாயிகளுக்குக் கூடுதல் விலை கொடுத்துப் பயிரிட வைத்தார்கள். 2002-இல் அந்த ரகத்தின் உரிமையையே வாங்கினார்கள். அவர்களில் ஒருவரான ராபின் ஏப்பல்தான் வில்ட்ஷயரில் 1855-இல் கட்டிய வார்மின்ஸ்டர் மால்டிங்ஸையும் கைப்பற்றிக் காப்பாற்றியவர். அங்கே இன்றும் முளைவிட்ட தானியத்தைத் தரையில் பரப்பி ஆட்கள் கிளறிவிடுகிறார்கள்.

அந்த மால்டை ஒரு பிடி வாயில் போட்டு மெல்லுங்கள். படக்கென்று உடைய வேண்டும். முதலில் மாவு, பிறகு ரொட்டி மேலோடு, கடைசியில் லேசான பாதாம். மாஷ் ஆகும்போது வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை அடிக்கும். அதில் வியப்பில்லை, ஹார்லிக்ஸிலும் மால்ட் பார்லிதானே.

கோல்டன் ப்ராமிஸ் என்ற இன்னொரு பார்லி ரகத்தின் கட்சிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதில் காய்ச்சும் யார்க்ஷயரின் லேண்ட்லார்ட் பியரை எடுத்துக்கொண்டு வாதத்துக்கு வருவார்கள். லேண்ட்லார்ட் மகத்தான பியர், மறுக்கவில்லை. ஆனால் கோல்டன் ப்ராமிஸின் இனிப்பு நாக்கின் நுனியிலேயே நின்றுவிடுகிறது என்று எனக்குப் படுகிறது. ஆட்டர் தொண்டை வரை கூடவே வரும். இரண்டாவது பைன்ட் குடிக்கும்போதுதான் இந்த வித்தியாசம் பிடிபடும். சின்னக் கிளாஸில் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களோடு நான் பேசுவதில்லை.

பாத்திரத்துக்கு வருவோம். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆஸ்திரேலியர்கள் காட்டிய பை வழி இருக்கும்போது பட்ஜெட்டைப் பற்றிக் கவலை எதற்கு? ஜன்னலுக்குப் போடும் மெல்லிய பாலியஸ்டர் திரைத்துணியில் பானை அளவுக்கு ஒரு பை தைத்தால் போதும். 30 லிட்டர் அலுமினிய அண்டாவில் 15 லிட்டர் பியர் தாராளமாக வரும். பேராசைப்பட்டு 23-க்குப் போனால் அடுப்படி முழுக்கப் பொங்கி வழியும். 22 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்கு ஏற்றி, அடுப்பை அணைத்து, பையை உள்ளே விரித்து, அரைத்த ஆட்டர் 3.2 கிலோவைக் கட்டி தட்டாமல் கலக்கினால் சூடு 67 பக்கம் வந்து நிற்கும். பழைய போர்வைகளைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடலாம். பிறகு பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டு ஒரு மணி நேரக் கொதி. ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் தொடக்கத்தில் 30 கிராம், அடுப்பை அணைக்கும்போது 15 கிராம். பதினைந்து லிட்டரில் அடர்த்தி 1.046 பக்கம் வரும். கிறிஸ்டல் மால்டும் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம்.

பெரிதாகச் செய்தே தீருவேன் என்கிறவர்களுக்கு அமெரிக்காவின் டென்னி கான் வழி உண்டு: பிக்னிக் ஐஸ்பெட்டிக்குள் தண்ணீர்க் குழாயின் ஸ்டீல் வலையை வடிகட்டியாக மாட்டிவிடுவது. அதற்கும் பெரிய செலவில்லை. 1963-இல் வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதியை பிரிட்டிஷ் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் எடுத்துவிட்ட பிறகு கிளம்பிய முதல் தலைமுறை, துணி துவைக்கும் பாய்லரிலும் பிளாஸ்டிக் வாளியிலும்தான் காய்ச்சியது. 1974-இல் வந்த டேவ் லைனின் புத்தகம் அவர்களுக்கு வேதம்.

இன்று கிளப் கூட்டத்துக்குப் போனால் பேச்சு வேறு. தானியத்திலிருந்து சர்க்கரையை எடுக்கும் எஃபிஷியன்ஸி 72 வந்ததா, 77 வந்ததா, போன் வழியே மாஷ் சூட்டை எப்படி ஏற்றுவது. 15 லிட்டருக்கு அந்த ஐந்து சதவீதம் என்பது 200 கிராம் தானியம். அதை மிச்சம் பிடிக்கவா இவ்வளவு இயந்திரம்? அப்படிக் காய்ச்சி ஊற்றித் தருவதும் கலங்கிப்போய், மாம்பழமும் அன்னாசியும் மணக்கிற ஹாப்ஸ் கரைசல். கீழே என்ன மால்ட் இருக்கிறது என்று ஹாப்ஸ் காட்டவே காட்டாது. அவர்களுக்கு மாரிஸ் ஆட்டர் வீண்செலவு என்பது நியாயம்தான்.

முன்பு எங்கள் பக்கத்துக் கடையில் மூட்டைகள் திறந்தே இருக்கும். ஒரு பெரியவர் ஒவ்வொரு மூட்டையிலும் நான்கு மணிகளை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, சில சமயம் எதுவுமே வாங்காமல் போவார். கடைக்காரருக்கு அது அவமானமாக இருக்கும். அடுத்த வாரம் மூட்டை மாறியிருக்கும். அந்தக் கடை மூடிவிட்டது. இப்போது தபாலில் வருவது ‘பேல் மால்ட்’ என்று மட்டும் அச்சடித்த, அரைத்து அடைத்த பாக்கெட். ரகம் கிடையாது, அறுவடை ஆண்டு கிடையாது, எப்போது அரைத்தது என்பதும் கிடையாது. அரைத்த மால்ட் சில வாரங்களிலேயே மணம் இழக்கத் தொடங்கும். முழுத் தானியம் ஈரம் படாமல் இருந்தால் ஒரு வருஷம் தாங்கும்.

அதனால் 25 கிலோ மூட்டையாகவே வாங்கி, சோளம் அரைக்கும் கொரோனா கைமில்லில் தேவைப்படும்போது அரைத்துக்கொள்கிறேன். உமி நொறுங்கினால் மாஷ் அடைத்துக்கொள்ளும் என்று பயமுறுத்துவார்கள்; பையில் காய்ச்சுகிறவருக்கு அந்தப் பயம் கிடையாது, நன்றாகவே பொடிக்கலாம். மூட்டையை வைக்கத்தான் வீட்டில் இடமில்லை. பாதியை எடுத்துக்கொள்ள ஓர் ஆள் தேடுகிறேன், கோல்டன் ப்ராமிஸ் கட்சிக்காரராக இருந்தாலும் சரி.